எழுத்தை உடைச்சுப் போட்டா அர்த்தம் கூடுமா? கம்மிங்ஸோட இலைக் கவிதை பத்தி ஒரு சந்தேகம்

தேன்மொழி_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். வேலைக்குப் போய்க்கிட்டே தபால்ல எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன், 38 வயசுல ஆரம்பிச்சது. மாடர்னிஸ்ட் கவிதை பேப்பர்ல ஈ.ஈ. கம்மிங்ஸ்னு ஒரு அமெரிக்கக் கவிஞர் வர்றார். 1958ல வந்த அவர் தொகுப்புல முதல் கவிதை மொத்தமே நாலு வார்த்தை தான். லோன்லினெஸ்னு ஒரு வார்த்தை, அதாவது தனிமை, அதுல முதல் எழுத்து எல் மட்டும் எழுதிட்டு உடனே ஒரு அடைப்புக்குறியைத் திறக்கிறார், உள்ள "ஒரு இலை விழுது"ன்னு மூணு வார்த்தை, குறியை மூடிட்டு அப்புறம் லோன்லினெஸ்ல மிச்சம் இருக்கிற எழுத்து. அவ்ளோதான் கவிதை.

ஜெராக்ஸ் கடையில வாங்கின நோட்ஸ்ல இது ஒரே வரியா இருக்கு. அதுக்குக் கீழ "எழுத்தமைப்பு புதுமையானது, தனிமை இலை உதிர்வுடன் ஒப்பிடப்படுகிறது"ன்னு ரெண்டு வரி. அதை மனப்பாடம் பண்ணி எழுதினா மார்க் வந்துரும், ஆனா எனக்கு அது போதல. எங்க வீட்ல அப்பா பாரதி பாட்டைச் சத்தமா வாசிப்பார், கவிதைன்னா காதுல விழணும்னு நினைச்சு வளர்ந்தவ நான், இதை எப்படி வாய்விட்டு வாசிக்கிறதுன்னே தெரியல, வாசிச்சா எல் எல்லுன்னு திக்குது. உண்மையிலேயே எழுத்தை இப்படி உடைக்கிறதால அர்த்தம் ஏதாவது கூடுதா, இல்ல இலை விழுது தனிமையா இருக்குன்னு நேரா சொன்னா அதே தானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

கரிசல்வாசகன்:
அக்கா, முதல்ல அந்த நோட்ஸை மூடி வைங்க. ஒரே வரியா அடிச்சா அங்க அந்தக் கவிதையே இல்ல. அது 9 வரி, முக்கால்வாசி வரியில ஒன்னு ரெண்டு எழுத்து தான், மேலிருந்து கீழ ஒல்லியா இறங்குது. நோட்டுல ஒரு பக்கத்துல உங்க கையால எழுதிப் பாருங்க, நான் சொல்றேன். முதல் வரி எல், அடைப்புக்குறி, ஏ. ரெண்டாவது எல் ஈ. மூணாவது ஏ எஃப். நாலாவது எஃப் ஏ. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ஏ எஃப், அடுத்த வரியில எஃப் ஏ. லீஃப்ங்கிற வார்த்தையோட வாலும் ஃபால்ஸ்ங்கிற வார்த்தையோட தலையும் தான் அது, ஆனா வரியை அந்த இடத்துல வெட்டினதால ரெண்டு எழுத்து அப்படியே புரண்டு படுக்குது. அரச மரத்து இலை விழுறதைப் பார்த்திருப்பீங்கல்ல, கல்லு மாதிரி நேரா வராது, ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்னு புரண்டு தான் வரும். நம்ம கண்ணை வச்சு அந்தப் புரளலைப் பண்ண வச்சிட்டார்.

அடுத்து எல் எல், அது தனி வரி. அப்புறம் எஸ், குறி மூடுது. இப்ப தான் விஷயமே. குறி மூடின உடனே வர்ற வரி ஓ என் ஈ, அதாவது ஒன்னு. லோன்லினெஸுக்குள்ள "ஒன்னு" ஒளிஞ்சு கிடக்குதுன்னு நாம தினம் அந்த வார்த்தையைச் சொன்னாலும் பார்த்தது கிடையாது, வெட்டிக் காட்டினா தான் தெரியுது. அதுக்கு அடுத்த வரி வெறும் எல். டைப்ரைட்டர்ல பழகினவங்களுக்குப் புரியும், பழைய மெஷின் நிறையத்துல 1க்குத் தனி கீ கிடையாது, சின்ன எல்லைத் தான் ஒன்னுன்னு அடிக்கணும். கம்மிங்ஸ் டைப்ரைட்டர்ல உக்காந்து எழுதின ஆளு. ஆக முதல் வரியில நிக்கிற எல்லும் ஒன்னு, தனியா நிக்கிற எல்லும் ஒன்னு, நடுவுல அந்த எல் எல் ரெண்டு ஒன்னு பக்கத்துல பக்கத்துல நின்னும் சேராம நிக்குது. கடைசி வரி மட்டும் 5 எழுத்து, அது தான் இருக்கிறதுலயே நீளம், தரையில வந்து படுத்துட்ட மாதிரி. அந்த வரி ஆரம்பிக்கிற எழுத்து ஐ, இங்கிலீஷ்ல அது நான்.

இன்னொன்னு, எண்ணிப் பாருங்க, குறிக்குள்ள இருக்கிற மூணு வார்த்தையிலயும் சேர்த்து 10 எழுத்து, லோன்லினெஸ்லயும் 10 எழுத்து. தராசு மாதிரி. "இலை விழுற மாதிரி தனிமை"ன்னு அவர் சொல்லவே இல்ல, மாதிரிங்கிற வார்த்தையே அதுல கிடையாது. தனிமைங்கிற வார்த்தைக்கு உள்ள அந்த இலை விழுது, அது விழுந்து முடியற வரைக்கும் தனிமைங்கிற வார்த்தை முடியாம வாய் திறந்தபடி நிக்குது. இதை நேரா ஒரு வாக்கியமா சொன்னா அந்தக் காத்திருப்பு போயிரும். நீங்க வாய்விட்டு வாசிக்க முடியலன்னு சொன்னது குறை இல்லக்கா, வாய்விட்டு வாசிக்கவே முடியாத கவிதை அது. குறிக்கு உள்ள ஒன்னும் வெளிய ஒன்னும் ஒரே நேரத்துல நடக்குது, வாய்க்கு ஒரு நேரத்துல ஒன்னு தான் வரும், கண்ணுக்கு ரெண்டும் வரும். அவர் வாழ்நாள் பூரா படமும் வரைஞ்சவர், அது சும்மா இல்ல.

பொன்னி_மகள்:
நல்லா சொன்னீங்க தம்பி. ஆனா எனக்கு ஒரு வருத்தம், வெளிநாட்டுக்காரங்க பண்ணினா எக்ஸ்பெரிமென்ட்ங்கிறோம், நம்ம தண்டியலங்காரம்ங்கிற அணி இலக்கண நூல்ல கோமூத்திரி, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம்னு சித்திரகவி வரிசையா இருக்கே. பாம்பு பின்னிக்கிட்ட படத்துல எழுத்து வச்சு, பின்னல் வெட்டிக்கிற இடத்துல ஒரே எழுத்து ரெண்டு அடிக்கும் பொதுவா வர்ற மாதிரி எழுதணும். சம்பந்தரோட திருவெழுகூற்றிருக்கையில எண்ணு 1 2 1, 1 2 3 2 1னு ஏறி இறங்கி 7 வரைக்கும் போகும், அதைத் தேர் வடிவத்துல எழுதுவாங்க. இதெல்லாம் பாடத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொல்லிக் கொடுக்கலாம்ல?

கரிசல்வாசகன்:
அக்கா நீங்க சொல்றது நியாயம், பக்கத்துல வச்சுப் பார்க்கணும், அப்ப தான் வித்தியாசமும் தெரியும். எழுகூற்றிருக்கையை நீங்க தேர் வரையாம சாதாரணமா எழுதி ஓதினாலும் அந்தப் படி ஏறி இறங்குறது காதுல கேக்குது. நாகபந்தத்தைப் பிரிச்சு எழுதினா உள்ள முழு வெண்பாவே இருக்கும். யாப்பு தான் உயிர், வடிவம் அது மேல கட்டின கட்டு, அந்தக் கட்டுக்குள்ள நின்னு காட்டுறது புலவரோட வித்தை. கம்மிங்ஸ் கவிதையில வடிவத்தைப் பிரிச்சா உள்ள ஒன்னும் மிஞ்சாது, தேன்மொழி அக்கா நோட்ஸ்ல இருக்கிற மாதிரி ஒரு வரி குப்பை தான் மிஞ்சும். எது உசத்தின்னு சொல்ல வரல, ரெண்டும் வேற வேற ஆசையில பிறந்தது.

கம்பாஸிட்டர்_மகன்:
நான் இங்க எப்பவாவது தான் எழுதுவேன், இதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு. எங்கப்பா சின்ன பிரஸ் ஒன்னுல கம்பாஸிட்டர், 80கள் கடைசி வரைக்கும் ஈய எழுத்து தான் கோத்தார், லீவுல நானும் போய் உக்காந்துக்குவேன். கேஸ்ங்கிற எழுத்துப் பெட்டியில இருந்து ஒவ்வொரு எழுத்தா எடுத்து ஸ்டிக்ங்கிற சின்னச் சட்டத்துல அடுக்கணும். அங்க எனக்கு முதல்ல அதிசயமா இருந்தது என்னன்னா இடைவெளிக்கும் கட்டை வைக்கணும். வார்த்தைக்கு நடுவுல காலியா விட முடியாது, விட்டா எழுத்து ஆடும், சரியும். அதனால எழுத்து இல்லாத வெறும் ஈயக்கட்டை, எழுத்தை விட உயரம் கம்மி, அதனால மை படாது, பேப்பர்ல வெள்ளையா விழும். பத்தி முடிஞ்சு பாதி வரி காலின்னா அந்தப் பாதி வரிக்கும் கட்டை. கோத்து முடிச்ச பக்கத்தை, அதாவது ஃபாரத்தைத் தூக்கினா வெள்ளையா வரப்போற இடமும் அதே கனம் தான் கனக்கும். அதனால ஒரு பக்கத்துல வெள்ளை நிறைய இருந்தா அங்க ஒன்னுமில்லன்னு என்னால நினைக்க முடியறதில்ல.

இந்தக் கண்ணோட பாருங்க. ஃபிரான்ஸ்ல மல்லார்மேன்னு ஒரு கவிஞர், 1897ல பகடை உருட்டறதைப் பத்தி ஒரு நீளக் கவிதை. "ஒரு பகடை வீச்சு ஒருநாளும் தற்செயலை ஒழிக்காது"ன்னு ஒரே ஒரு வாக்கியம், அதைப் பெரிய எழுத்துல போட்டுப் பல பக்கத்துக்குச் சிதற விட்டுட்டார், அந்த வாக்கியம் முடியறதுக்குள்ள நடுவுல சின்ன எழுத்து, சாஞ்ச எழுத்து, கப்பல் மூழ்கறது, கடல், வானம்னு என்னென்னமோ வந்து போகும். விரிச்சு வச்ச ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பக்கமா பாவிச்சு, வரி இடது பக்கத்துல ஆரம்பிச்சு நடு மடிப்பைத் தாண்டி வலது பக்கத்துக்கு ஓடும். அந்த வருஷம் ஒரு பத்திரிகையில வந்தப்ப அப்படிப் போட முடியல, ஒத்தப் பக்கத்துல அடக்கிட்டாங்க. அடுத்த வருஷமே அவர் போயிட்டார், ரெண்டு பக்கமா விரிச்ச புத்தகம் 1914ல தான் வந்துச்சு. அவர் ஆசைப்பட்ட மாதிரி விரிஞ்சு நின்ன புத்தகத்தை அவர் கையில வாங்கிப் பார்க்கவே இல்லைங்கிறது எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு.

அப்போலினேர்ங்கிற ஃபிரெஞ்சுக் கவிஞர் அடுத்த தலைமுறை. மழை பத்தி ஒரு கவிதை, 1916ல வந்தது, அஞ்சே அஞ்சு வரி, ஆனா வரி படுத்திருக்காது, மேலிருந்து கீழ சாஞ்சு இறங்குது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு துளி. முதல் வரி "பொம்பளைங்க குரலா மழை பெய்யுது, நினைப்புல கூட அவங்க செத்துட்ட மாதிரி"ன்னு வரும். எழுத்து எழுத்தா இறங்கறதால நம்மால வேகமா வாசிக்க முடியாது, ஒரு வார்த்தை எங்க முடிஞ்சு அடுத்தது எங்க தொடங்குதுன்னு கண்ணு தடவிக்கிட்டே இறங்கணும், அதுக்குள்ள ஒரு சோகம் வந்து உக்காந்துரும். கம்பாஸிட்டர் வீட்டுப் பிள்ளையா சொல்றேன், ஈய எழுத்து நேர்கோட்டுல நிக்கத் தான் செஞ்சது, அதைச் சாய்க்கணும்னா ஒவ்வொரு எழுத்துக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தணும், பக்கத்துக் கட்டையெல்லாம் மாறும். அந்தப் பக்கத்தைக் கோத்தவங்க கை எவ்வளவு வலிச்சிருக்கும்னு நினைச்சுக்குவேன்.

அவரோட இன்னொரு கவிதை, குத்துப்பட்ட புறாவும் நீரூற்றும். மேல சிறகு விரிச்ச புறா, அதுல அவர் நேசிச்ச பொண்ணுங்க பேரெல்லாம் வருது. கீழ நீரூற்று பீறிட்டு எழுந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு விழுது, அதுல போர் பிரிச்சுப் போட்ட நண்பர்கள் பேரெல்லாம் வருது, பிராக், மாக்ஸ் ஜேகப், தெரேன், எங்கடா இருக்கீங்கன்னு கேக்குது. அடியில தொட்டி, அதை உத்துப் பார்த்தா ஒரு கண்ணு மாதிரியும் இருக்கு. அப்ப மேல எழும்புறது தண்ணியா கண்ணீரான்னு நம்மளே முடிவு பண்ணிக்க வேண்டியது தான். படத்தை எடுத்துட்டு வெறும் பேர் பட்டியலா போட்டா இந்தக் கண்ணு போயிரும். 1916 மார்ச்ல போர்முனையில அவர் தலையிலயே குண்டுச் சிதறல் பாஞ்சுது, பிழைச்சார். 1918 ஏப்ரல்ல இந்த மாதிரிக் கவிதையெல்லாம் சேர்ந்த புத்தகம் வந்துச்சு, நவம்பர் 9 ஸ்பானிஷ் ஃப்ளூல இறந்துட்டார், போர் நின்னதுக்கு 2 நாள் முன்னாடி.

தேன்மொழி_திருச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி 11 மணிக்கு இதையெல்லாம் படிச்சிட்டு உக்காந்திருக்கேன். கரிசல் தம்பி சொன்ன எல் விஷயம் எனக்குத் தெரியும்! பத்தாவது லீவுல டைப்ரைட்டிங் லோயர் போனப்ப இன்ஸ்டிட்யூட்ல ஒரு பழைய மெஷின்ல 1 இருக்காது, மாஸ்டர் "சின்ன எல் அடிம்மா"ன்னு சொல்வார், விரல்ல இன்னும் ஞாபகம் இருக்கு. நோட்டுல 9 வரியா எழுதியும் பார்த்தேன், ஏ எஃப், எஃப் ஏ எழுதுறப்ப கையே திரும்புது.

இன்னொரு கேள்வி. இதே பேப்பர்ல எஸ்ரா பவுண்டோட மெட்ரோ கவிதையும் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸோட செவப்புத் தள்ளுவண்டி கவிதையும் இருக்கு. அதுல எழுத்தை உடைக்கல, படமும் வரையல, வெறும் காட்சி தான். அங்க எப்படி அர்த்தம் வருது? அதுவும் இதோட சேர்ந்ததா?

மொழிபெயர்க்கும்_அனிதா:
சேர்ந்தது தான் தேன்மொழி, ஆனா அதை நம்ம புத்தகமெல்லாம் மறைச்சிருது. மெட்ரோ கவிதை 1913 ஏப்ரல்ல சிகாகோவுல இருந்து வர்ற ஒரு கவிதைப் பத்திரிகையில முதல்ல அச்சானப்ப வார்த்தைக்கு நடுவுல பெரிய பெரிய இடைவெளி இருந்துச்சு. "தோற்றம்" ஒரு தொகுதி, பெரிய இடம், "இந்த முகங்களின்", மறுபடி இடம், "கூட்டத்தில்", இடம், அப்புறம் தள்ளி ஒரு முக்காற்புள்ளி. அந்த இடைவெளியை அப்படியே அச்சடிக்கணும்னு பவுண்டு ஆசிரியருக்குக் கடிதமே எழுதினார். பின்னாடி புத்தகத்துல அவரே இடைவெளியை எடுத்துட்டார், முக்காற்புள்ளி அரைப்புள்ளி ஆயிருச்சு, நாம படிக்கிறது அந்த வடிவம். இடைவெளியோட பார்த்தா ரயில் நின்னு ஜனம் இறங்கி ஒவ்வொரு முகமா இருட்டுல இருந்து தெரியற மாதிரி இருக்கும், இல்லாம பார்த்தா ஒரே மூச்சுல வந்துரும்.

பாரிஸ்ல ஒரு மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினப்ப ஒன்னு மாத்தி ஒன்னு அழகான முகங்களைப் பார்த்திருக்கார். முதல்ல 30 வரி எழுதிக் கிழிச்சுப் போட்டார், 6 மாசம் கழிச்சு அதுல பாதி, ஒரு வருஷம் கழிச்சு தான் இந்த ரெண்டு வரி. முதல் வரி கூட்டத்துல முகங்கள், ரெண்டாவது வரி ஈரக் கறுப்புக் கிளையில இதழ்கள், நடுவுல "போல" கிடையாது. ரெண்டு காட்சியையும் ஒரு புள்ளிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வச்சிட்டுப் போயிட்டார், சேர்த்துக்கிறது நம்ம வேலை.

இதை நான் தமிழ்ல பண்ணிப் பார்த்துத் தோத்திருக்கேன், அதையும் சொல்றேன், பரீட்சைக்கு உதவாது ஆனா உங்களுக்கு உதவும். இங்கிலீஷ்ல அந்தக் கவிதை திடுக்குனு இருக்கிறதுக்குப் பெரிய காரணம் அதுல வினைச்சொல்லே இல்ல, இங்கிலீஷ்காரங்களுக்கு வினை இல்லாத வாக்கியம் அந்தரத்துல நிக்கிற மாதிரி. நமக்கோ "அவர் வாத்தியார்", "இது என் வீடு", வினை இல்லாம நாள் பூரா பேசுறோம். அதனால தமிழ்ல போட்டா அந்தத் திடுக் வரவே மாட்டேங்குது, சொகுசா உக்காந்துருது. அப்ப தான் எனக்குப் புரிஞ்சது, தமிழ்ல அந்த வேலையை இடைவெளி தான் பார்க்கணும், முதல் அச்சுல இருந்த அந்த வெள்ளையைத் திருப்பிக் கொண்டு வந்து வச்சேன், கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

வில்லியம்ஸோடது 1923. மொத்தம் 16 வார்த்தை, 3 வார்த்தை ஒரு வரி, 1 வார்த்தை ஒரு வரி, இப்படி நாலு தடவை. ஒவ்வொரு ஜோடியும் மேல நீளம் கீழ குட்டை, தள்ளுவண்டியோட உடம்பும் சக்கரமும் மாதிரி இருக்குன்னு நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அதை விட முக்கியமா தெரியறது வேற. வீல்பேரோங்கிறதை வீல்னு ஒரு வரியிலயும் பேரோன்னு அடுத்த வரியிலயும் வெட்டுறார், மழைத்தண்ணியையும் அதே மாதிரி. தமிழ்ல இது அழகா வருது, "தள்ளு" ஒரு வரி, "வண்டி" அடுத்த வரி, "மழை" ஒரு வரி, "தண்ணி" அடுத்த வரி. தினம் பார்க்கிற சாமானை ஒரு நொடி ரெண்டா பிரிச்சுக் காட்டினதும் முதல் தடவையா பார்க்கிற மாதிரி ஆயிருது. அவர் தொழில்ல டாக்டர், குழந்தைங்களைப் பார்க்கிறவர், நின்னு பார்க்கிற பழக்கம் அங்க இருந்து வந்திருக்கும்னு நான் நம்புறேன். ஆக காட்சி தனி, அச்சமைப்பு தனின்னு எழுதாதீங்க. எங்க வெட்டுறாங்க, எவ்ளோ வெள்ளை விடுறாங்கங்கிறது தான் அந்தக் காட்சியை எவ்ளோ நேரம் பார்க்கணும்னு நமக்குச் சொல்லுது.

தேன்மொழி_திருச்சி:
அனிதா மேடம், நீங்க தமிழ்ல பண்ணிப் பார்த்தேன்னு சொன்னதும் எனக்கும் ஆசை வந்துருச்சு. தப்பா இருந்தா திருத்துங்க. இலைக் கவிதையைத் தமிழ்ல இப்படி வச்சேன்:

த
(இ
லை

உ
தி
ர்)

னி

மை

"தனி"ங்கிறதையே இலை வந்து பிரிச்சிருது, அதனால "ஒன்னு" அங்க ஒளிஞ்சு கிடைக்கல, அது நஷ்டம் தான். ஆனா கடைசியில "மை" தனியா நிக்கறதைப் பார்த்ததும் எனக்கே சிலிர்த்துருச்சு, அது நான் யோசிச்சு வைக்கல, தானா வந்து நின்னுச்சு.

மொழிபெயர்க்கும்_அனிதா:
தேன்மொழி, இது நல்லா இருக்கு, மனசார சொல்றேன். இன்னொன்னு கவனிச்சீங்களா, பழைய செய்யுள்ல "இலை"ன்னா "இல்லை"ன்னும் அர்த்தம் உண்டு. இங்கிலீஷ் இலைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. உங்க கவிதையில இலை விழும்போதே இல்லாமலும் போகுது. எல்லுக்கும் 1க்கும் இருக்கிற அந்த ஒட்டு தான் கிடைக்கல. நம்ம தமிழ் எண்ணுல ஒன்னுன்னா ௧, அது க மாதிரியே இருக்கும், அதனால க-வுல ஆரம்பிக்கிற ஒரு தனிமைச் சொல் கிடைச்சா அந்தக் கதவும் திறக்கும், தேடிக்கிட்டே இருங்க. "ர்"ல இருக்கிற அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துடாதீங்க, உதிர்ந்து முடியற இடத்துல அது இருக்கணும்.

கம்பாஸிட்டர்_மகன்:
அம்மா, உங்க கவிதையை ஒரு தாள்ல பெருசா எழுதி எங்கப்பாகிட்ட காட்டினேன். 81 வயசு, கண்ணு சரியா தெரியாது, தாளைக் கிட்ட வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். கவிதை பத்தி ஒன்னும் சொல்லல. கட்டை விரலால ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல இருந்த வெள்ளையைத் தடவிக்கிட்டே போய், "எழுத்து எட்டு தான், கட்டை தான் நிறைய வேணும், பக்கத்துக்கு மூணு கிலோவாவது இழுக்கும்"னார். அப்புறம் "மை"க்கு மேல இருக்கிற காலி வரியைக் காட்டி, இங்க இன்னும் ஒரு வரி விடச் சொல்லுன்னார்.